பொடியன்மாருக்குக் கட்டிய வீடுகள்

அந்தக் காலத்தில் நான் காணி காட்டுகிறவனாக இருந்தேன். மதுரங்குளிச் சந்தியில், கொழும்பு வீதியோரம் ஒரு காணிக் கந்தோர். பழைய தென்னந்தோட்டங்களை வாங்கி, குறுக்கும் நெடுக்கும் செம்மண் கிறவல் பாதை போட்டு, துண்டு துண்டாக விற்பதுதான் முதலாளியின் தொழில். யுத்தம் முடிந்த கையோடு காணிக்கு ஒரே கிராக்கி. கொழும்பிலிருந்து வான் பிடித்து வருகிறவர்களை அழைத்துப்போய், "இதுல ஹோல் வரும், இதுல குசினி வரும்" என்று வெறும் மணலைக் காட்டுவேன். அவர்களும் தலையாட்டுவார்கள். மாலையில் அவர்கள் போனபின் கந்தோரைப் பூட்டிவிட்டு, உள்ளே இரண்டு மேசைகளுக்கு நடுவில் என் பாயை விரிப்பேன். எனக்கு வீடு இல்லை. அதைச் சொல்வதில் அப்போதும் எனக்கு வெட்கமில்லை, இப்போதும் இல்லை.

வீடு இல்லை என்றால் குடும்பம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம்கள் நாங்கள். நான் பிறந்ததே இங்கே அகதி முகாமில். வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மா, எனக்கு மூத்த ராத்தா, நான், என்னை நானா என்று கூப்பிடுகிற தங்கச்சி. ஓலைக் கிடுகு வேய்ந்த ஒரு வீடு. நடுவில் ஒரு சேலையைக் கட்டினால் இரண்டு அறை. ராத்தாவுக்குக் கலியாணம் முடிந்ததும் அந்த வீடு அவளுடையதாயிற்று. எங்களில் அப்படித்தான். வீடு பெண்ணுக்கு; மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். மச்சான் வந்து சேர்ந்த அன்று மாலை நான் என் தலையணையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. சேலைக்கு அந்தப் பக்கம் புது மாப்பிள்ளை இருக்க, இந்தப் பக்கம் வளர்ந்த ஆண்பிள்ளை எப்படிப் படுப்பது? முகாமில் என் வயதுப் பொடியன்மார் எல்லாருக்கும் இதே கதைதான். சிலர் பள்ளிவாசல் விறாந்தையில், சிலர் வேலை செய்கிற கடையில், ஒருத்தன் ஓடாத லொறி ஒன்றில். பகலில் பார்த்தால் எங்களில் ஒருத்தனுக்கும் வீடில்லை என்று சொல்லமாட்டீர்கள். நன்றாகத் தலை சீவியிருப்போம்.

இந்தச் சங்கதி எப்படியோ பெரியவர்களின் காதில் விழுந்தது. வீடில்லாத இளைஞர்களுக்கு வீடு கட்டிக் கொடுப்பதென்று காணி வியாபாரிகளும் கட்டடக்காரர்களும் ஒன்றுசேர்ந்தார்கள். எங்கள் முதலாளி காணி கொடுத்தார். சிலாபத்துச் சிங்களக் கொந்தராத்துக்காரர் ஒருவர் மேசன்மாரைக் கொடுத்தார். புத்தளத்து ஹாட்வெயார் கடைக்காரர் சீமெந்தும் தகரமும் கொடுத்தார். கொழும்பில் மாடிவீடு கட்டி விற்கிற ஒரு கம்பனி மிச்சச் செலவை ஏற்றது. ஒருவருக்கு வந்த ஆளை மற்றவர் பறிக்கிறவர்கள் எங்கள் கந்தோரில் ஒரே மேசையைச் சுற்றி இருந்து பிளேன்டீ குடித்தார்கள். ஊற்றிக் கொடுத்தவன் நான். நல்ல மனதோடுதான் செய்தார்கள், அதைச் சொல்லியே ஆகவேண்டும். முதலாளி கொடுத்தது என்னவோ களப்புப் பக்கம் உப்புப் பூத்த துண்டு. நான் எத்தனை பேருக்குக் காட்டியும் விலைபோகாதது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நாங்களும் பார்க்கவில்லை.

ஒரு அறை, ஒரு குசினி, ஒரு கக்கூஸ், முன்னால் ஒரு சின்ன விறாந்தை. வீடு பொடியனின் பெயரில் இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை, விற்கக்கூடாது. அவர்கள் வியாபாரிகள் அல்லவா, விற்பதைத் தவிர ஒரு வீடு வேறு எப்படிக் கைமாறும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. முதலாளிக்காவது தோன்றியிருக்க வேண்டும். அவர் எங்கள் ஆள்.

எனக்கும் ஒரு வீடு கிடைத்தது. போன முதல் நாள் சுவரில் ஒரு ஆணி அடித்து என் சட்டையைக் கொழுவினேன். பிறகு தரையில் படுத்து அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானாக எழும்பும்வரை என்னை எழுப்ப ஆளில்லை. காலையில் கந்தோர் திறக்கிறார்களே என்று பாயைச் சுருட்டத் தேவையில்லை. சந்தோஷம் என்று அதற்குப் பெயர் வைக்க அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

மாரி முடிந்ததும் உம்மா வந்தார். அதுவரை அந்த வீட்டுக்கு அவர் வந்ததில்லை. கதிரையில் இருந்து சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்.

"நல்ல வூடு மகன்."

"ஓம் உம்மா."

"தங்கச்சிக்குப் பேசி வந்திரிக்காங்க. வண்ணாத்திவில்லுப் பக்கம். பொடியன் இஞ்ச சந்தியில கோழிக்கடையில நிக்கிறான். நல்ல பொடியன்."

"ஓம்."

"வேற ஒண்டும் கேக்கல்ல. வூடு மட்டுந்தான்."

நான் அதற்கும் ஓம் என்றேன். வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார் என்பார்கள். எங்களுக்கு இரண்டும் ஒரே வேலை.

கலியாணத்துக்கு மின்குமிழ்ச் சரங்களை நானே கட்டினேன். எல்லாம் முடிந்து, ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மடித்தபோது தங்கச்சி அறை வாசலில் வந்து நின்றாள்.

"நானா, நீங்க எங்க படுப்பீங்க?"

"கந்தோர்ல வேல இரிக்கி."

அவள் அழுதாள். எனக்கு வரவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் சாப்பிடக் கூப்பிடுவாள். போவேன். ஆணியில் அவள் மாப்பிள்ளையின் சட்டை தொங்கும். சாப்பிட்டுக் கை கழுவியதும், "இருந்துட்டுப் போங்க நானா" என்பாள். "கந்தோர்ல வேல இரிக்கி" என்பேன். கோபமும் இல்லை, கவலையும் இல்லை. சம்மணம் கொட்டி அதிக நேரம் இருந்தால் கால் மரத்துப்போகுமே, எழும்பினால்தான் தெரியும். நான் எழும்பவில்லை, அவ்வளவுதான்.

வீடு கொடுத்தவர்கள் கொஞ்சக் காலம் கழித்துப் பார்க்க வந்தார்கள். ஒவ்வொரு கதவையும் தட்ட, ஒவ்வொன்றிலும் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டபடி ஒரு புதுப்பெண் திறந்தாள். கொந்தராத்துக்காரர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"பொடியன்மாருக்குக் கட்டின வீடு, முதலாளி. பொடியன்மார் எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

முதலாளி வந்து வானுக்குள் ஏறினார். சந்தியில் இறங்கியதும் என்னிடம் சொன்னார்: "இவ்வளவு காணி வித்தன். நானும் பொஞ்சாதிட வூட்டுலதான் இரிக்கன், தெரியுமா?"

தெரியும். ஊருக்கே தெரியும்.

அடுத்த முறை கட்டிய வீடுகளுக்கு நிபந்தனையை இறுக்கினார்கள். பத்து வருடத்துக்குப் பெயர் மாற்றக்கூடாது. பெயருக்குரியவன்தான் குடியிருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் பெயரை மாற்றவில்லை. பெயர் தம்பிக்கு, வீடு ராத்தாவுக்கு என்று ஆயிற்று. எனக்குக் கலியாணம் நடந்தது அப்படியான ஒரு வீட்டில்தான். என் மனைவியின் தம்பிக்குக் கிடைத்த வீடு அது. அவன் புத்தளத்தில் அந்த ஹாட்வெயார் கடையில் வேலை செய்தான். கலியாணத்தன்று மாலை சீமெந்து மூட்டைகளுக்கிடையில் படுக்கப் போனான். நான் அவனுடைய வீட்டில் படுத்தேன். நான் கேட்டு வாங்கியதல்ல. என் தங்கச்சியின் மாப்பிள்ளையும் தான் கேட்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்புக் கம்பனியிலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். சிங்களம் தெரிந்தவன் என்று முதலாளி என்னைத்தான் கூட அனுப்பினார். முதல்நாளே செய்தி வந்துவிட்டதால் என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் தம்பியை, என் மச்சானை, வரவழைத்திருந்தோம். தோய்த்து அழுத்திய சட்டையோடு, வீட்டுக்காரனாக, கதிரையில் இருந்தான். அவர்களோடு வானைவிட்டு இறங்கி வந்த நான், கந்தோர் ஆளாக, வாசலில் நின்றேன். சுவரில் ஆணியில் நான் படுக்கும்போது உடுக்கிற சாரம் தொங்கியது. அதை எடுத்துவைக்க மறந்துவிட்டிருந்தோம்.

வந்தவர்களில் ஒருவர் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, இரவில் இவர் இங்கேதான் தூங்குகிறாரா என்று கேட்கச் சொன்னார்.

நான் கேட்டேன். "ராவைக்கு நீ இஞ்சதான் படுக்கிறியா எண்டு கேக்கிறாங்க."

மச்சான் என் சாரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஓம் எண்டு சொல்லுங்க மச்சான்."

நான் சிங்களத்தில் சொன்னேன். அவர்கள் அவனை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கைகொடுத்தார்கள். வான் போய்விட்டது. மச்சான் கதிரையைத் தூக்கி, அது வழக்கமாக இருக்கிற மூலையில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடினான்.

"சாப்பிட்டு இருந்துட்டுப் போ மச்சான்."

"இல்ல மச்சான். கடையில வேல இரிக்கி."

ஞாயிற்றுக்கிழமையில் அந்தக் கடை திறப்பதில்லை. அவன் உப்பு மண்ணில் நடந்து பெரிய வீதியில் ஏறும்வரை கேற்றடியில் நின்றேன். தங்கச்சியின் கலியாணத்தன்று எனக்கு வராத அழுகை அப்போது வந்தது. மனைவி பிள்ளையோடு திரும்பி வந்து, "தம்பி போயிட்டானா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.