சட்னியைப் பற்றி நான் கேட்கவில்லை

என் மகள் தர்ஷினிக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்ததைக் கொண்டாட, கொத்மலையிலிருந்து குடும்பமாக நுவரெலியாவுக்குப் போய், ஒரு நேபாள உணவகத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். சிறு வயதிலிருந்தே அவளுக்குக் கச்சான், அதாவது நிலக்கடலை, ஒத்துக்கொள்ளாது. அதனால், கொழுக்கட்டை போலிருந்த மோமோவைக் காட்டி, "இதுல கச்சான் இருக்குங்களா?" என்று வெயிட்டரிடம் கேட்டேன்.

"இல்லங்கம்மா, கோழியும் கோவாவும்தான்" என்றார்.

கோழியும் முட்டைக்கோஸும்தானே என்று நிம்மதியாகி, கூட வந்த சிவப்புச் சட்னியை நானே அவள் தட்டில் அள்ளி வைத்தேன்.

இரண்டாவது மோமோவைக் கடித்தவள், "அம்மா, தொண்ட அடைக்குதும்மா" என்றாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு வீங்கியது; பேச்சு வரவில்லை. ஓடிவந்த வெயிட்டர், "ஐயோ, சட்னியில கச்சான் அரைச்சுப் போடுறோமே!" என்று பதறினார். வாசலில் நின்ற ஆட்டோவில் அவளை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது. என் கணவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

வெயிட்டர் பொய் சொல்லவில்லை. நான் எதற்காகக் கேட்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. இப்போதெல்லாம் எங்கே சாப்பிடப் போனாலும், "கச்சான் பட்டாலே இவளுக்கு மூச்சு அடைச்சிரும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன்.