இடது கால் மீது ஒரு வழக்கு

என் வீட்டுக்காரர் வண்டி மெக்கானிக். ஆனால் தெருவில் அவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஜட்ஜ் என்றுதான் சொல்வார்கள். வண்டி ஷெட்டுக்குள் நுழையும்போதே, பானட்டைத் திறக்காமல், கையிலிருக்கும் டீ டம்ளரைக்கூடக் கீழே வைக்காமல், தீர்ப்புச் சொல்லிவிடுவார். பம்ப் போச்சு, பேரிங் போச்சு, அவ்வளவுதான். பாதி நேரம் அது சரியாகவே இருக்கும். மீதி நேரம் வண்டிதான் தப்புச் செய்திருக்கும். அவர் தப்புச் செய்ததாகச் சரித்திரமே இல்லை. அவர் மாட்டிய மின்விசிறி ஒருநாள் கழன்று கட்டில் மேல் விழுந்தபோது, வீட்டைக் கட்டிய கொத்தனாரைத் திட்டினார். தன் டீயில் தானே உப்பைப் போட்டுக்கொண்டுவிட்டு, டப்பாவை இடம் மாற்றி வைத்தேன் என்று என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

ஆள் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கொட்டும் மழையில் யார் வண்டி எங்கே நின்றாலும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். போய் நின்று முதலில் வண்டிக்காரரை வாய் கிழியத் திட்டுவார், அப்புறம் சரிசெய்து கொடுப்பார்.

நான் டிரைவர். லாரி ஓட்டிய அப்பாவிடம் அடம்பிடித்துக் கற்றுக்கொண்டது. எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் மலை உச்சியில் ஒரு சிக்னல் கோபுரம் உண்டு. அதைப் பராமரிக்கும் காண்ட்ராக்டரிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ரகம். எங்கள் கல்யாணத்தைவிட வயதில் மூத்தது, சத்தம் மட்டும் எங்களைவிடக் கம்மி. காலையில் ஆட்களையும் டீசல் கேன்களையும் மேலே ஏற்றிப் போவதும் சாயங்காலம் இறக்கி வருவதும் என் வேலை. ரிப்பேர் அவர் வேலை. ஒரு நாளில் யாரும் எனக்குப் புத்தி சொல்லாத நேரம் அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் நேரம் ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு கிடையாது.

மழைக்காலம் முடிந்த கையோடு தொல்லை ஆரம்பித்தது. கடைசி வளைவுக்கு முன்னால் ஒரு செங்குத்தான ஏற்றம் வரும். அங்கே இன்ஜின் மட்டும் தொண்டை கிழியக் கத்தும், வண்டி நகராது, கருகல் நாற்றம் அடிக்கும். கிளட்ச் பிடிக்காமல் நழுவுகிறது என்று அர்த்தம். ஜட்ஜ் மூக்கை நீட்டி மோந்து பார்த்துவிட்டு, கிளட்ச் பிளேட் போச்சு என்றார். கியர்பாக்ஸை இறக்கிப் புது பிளேட் போட்டார். அதுவும் அதே ஏற்றத்தில் கருகியது. மறுபடி இறக்கினார், மறுபடி போட்டார், அதுவும் கருகியது. மூன்றாவதாக ஒன்றை மாட்டி வைத்தார்.

இதற்குள் காண்ட்ராக்டருக்குப் பொறுமை போய்விட்டது. தன் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். அவன் நிழலில் உட்கார்ந்தாலும் கூலிங்கிளாஸைக் கழற்றமாட்டான், அதனால் ஆட்கள் அவனுக்கு வைத்த பெயரும் அதுதான். என் சீட் மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். வண்டியில் ஒன்றும் இல்லை, இதை ஓட்டுகிற இந்த அக்காதான் இடது காலை எந்நேரமும் கிளட்ச் பெடல் மேலேயே வைத்திருக்கிறார், பாதி மிதித்தபடி மலை ஏற்றினால் எந்த பிளேட்டும் கருகத்தான் செய்யும் என்றான். அப்படி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். நான் அந்தச் சாதி இல்லை.

ஜட்ஜ் எனக்காக இரண்டு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன். அவர் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, என்னை டாப் கியரைப் போட்டுக் கிளட்சை விடச் சொன்னார். கிளட்ச் நழுவினால் இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், ஒழுங்காகப் பிடித்தால் அணைந்துவிடும். இன்ஜின் ஓர் உதறு உதறி அணைந்தது. கிளட்ச் பாஸ்.

"கிளட்ச்ல எந்தக் குறையும் இல்ல" என்றார் என் காலைப் பார்த்துக்கொண்டே.

கட்டின பெண்டாட்டி காலின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார் மனுஷர். அந்த நேரம் என் கைக்கு எட்டிய ஸ்பேனர் சின்னதாக இருந்தது அவருடைய நல்ல நேரம். நாளை மறுநாள் அக்கா மகன் ஓட்டிப் பார்க்கட்டும், ஏற்றத்தில் நழுவாமல் ஏறிவிட்டால் வண்டி இனி அவன் கையில்தான் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டதும் ஜட்ஜைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தேன். பின்னால் கேன்களில் தண்ணீர் நிரப்பி ஏற்றியிருந்தேன், பாரம் வேண்டுமே. ஏற்றத்தின் அடியில் லோ கியர் போட்டு, வண்டி உருள ஆரம்பித்ததும் இடது காலைத் தூக்கி சீட் மேல் மடித்துப் பாதிச் சம்மணம் போட்டுக்கொண்டேன்.

"இப்ப என் கால் எங்க இருக்கு, சொல்லுங்க."

அவர் என் சீட்டை எட்டிப் பார்த்தார். அதற்குள் இன்ஜின் கத்தியது, வண்டி நின்றது, நாற்றம் வந்தது. குனிந்து பெடலைப் பார்த்தார். அது அசையாமல் மேலேதான் இருந்தது. இறங்கிப் போய் பானட்டைத் திறந்து, இன்னும் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடு என்றார். கொடுத்தேன். எட்டிப் பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை. வண்டியைப் பின்னால் உருட்டிச் சமதரையில் நிறுத்திவிட்டு நானும் போய்ப் பார்த்தேன்.

இன்ஜினை அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கிற ரப்பர் மவுண்டிங் ஒன்று உண்டு. அது இருக்க வேண்டிய இடத்தில் லாரி டயரில் வெட்டிய ஒரு துண்டு இருந்தது. அதுவும் பிய்ந்து போயிருந்தது. பாரத்தோடு ஏற்றத்தில் திணறும்போது இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்கிறது, அதோடு பெடலிலிருந்து போகும் கிளட்ச் கம்பியும் இழுபடுகிறது. யாரும் மிதிக்காமலே கிளட்ச் பாதி மிதிபட்டுவிடுகிறது. டாப் கியரில் இன்ஜின் அவ்வளவு தூக்காது, அதனால்தான் ஷெட்டில் பாஸ்.

டயர் துண்டை யார் வைத்தது என்று கேட்டேன். அவர் மலையைப் பார்த்தார். மலை அவரைக் காப்பாற்றவில்லை. மழையில் மவுண்டிங் கிடைக்காமல் தற்காலிகமாக வைத்தாராம், அப்புறம் மறந்தே போனாராம். ஒட்டுப்போடும் வேலை மட்டும் இந்த வண்டியில் கூடாது என்று முதல் நாளே சொல்லித்தான் காண்ட்ராக்டர் அதை இவரிடம் விட்டிருந்தார்.

"விடு. காலையில யாருக்கும் தெரியாம புதுசு மாட்டிடறேன். வண்டி சரியாயிடும்" என்றார்.

"வண்டி சரியாயிடும். நான்?"

அவருக்கு விளங்கவில்லை, விளக்க வேண்டியிருந்தது. இவர் கமுக்கமாக மாற்றிவிடுவார். கூலிங்கிளாஸ் ஓட்டுவான், வண்டி ஜம்மென்று மேலே ஏறும். பார்த்தீர்களா, எல்லாம் அந்தம்மா காலால் வந்த வினை என்று ஆட்கள் தலையாட்டுவார்கள். இவர் பேர் பத்திரமாக இருக்கும், என் ஸ்டீயரிங் போய்விடும். வாயைத் திறந்து சொன்னால்தான் நான் பிழைப்பேன் என்றேன்.  அவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், படுத்தார். எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனுஷரை எனக்கு நன்றாகத் தெரியும், பயமே அதனால்தான்.

காலையில் நான் எழுவதற்குள் ஷெட்டுக்குப் போய்விட்டார். மாற்றிவிட்டாரா இல்லையா என்று தெரியாமலே நானும் பின்னால் போனேன். ஆட்கள் சாப்பாட்டு டப்பாக்களோடு நின்றார்கள். கூலிங்கிளாஸ் என் சீட்டில் உட்கார்ந்து வண்டிக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தான். 

ஜட்ஜ் வந்து பானட்டைத் திறந்தார். வண்டியின் முன் பம்பரைச் சுவரோடு ஒட்டவைத்து, லோ கியர் போட்டு, மெதுவாகக் கிளட்சை விடச் சொன்னார். விட்டதும் இன்ஜின் ஒரு பக்கமாக எழும்பியது. எல்லோரும் பார்த்தார்கள். அவர் எதையும் மாற்றியிருக்கவில்லை. 

காண்ட்ராக்டர் குனிந்து பார்த்து, மவுண்டிங் இருக்க வேண்டிய இடத்தில் இது என்ன என்று கேட்டார்.

"டயர் துண்டு. நான்தான் வெச்சேன், வெச்சுட்டு மறந்துட்டேன். பிளேட் ரெண்டும் கருகினது என்னாலதான். இவ கால்ல ஒரு தப்பும் இல்ல."

 கூலிங்கிளாஸ் இன்ஜினை அணைத்துவிட்டுத் தானாகவே இறங்கினான். காண்ட்ராக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. இத்தனை பேரை ஏத்திக்கிட்டுப் போறது நீ. இவர் கை வெச்ச வண்டியில இனிமேயும் மலை ஏறுவியா, இல்ல வேற ஷெட்ல விட்டுடலாமா?"

பழிவாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஆயுசில் கிடைக்காது. ஜட்ஜ் காது சிவந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொருத்தர் தீர்ப்புக்காக அவர் நின்று நான் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது. கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

"இத்தனை வருஷமா தப்பே பண்ணாத மெக்கானிக் பாத்த வண்டியத்தாங்க ஓட்டினேன். அதுதான் எனக்கு பயம். இப்பதான் தப்பு பண்ற மெக்கானிக் ஒருத்தர் கிடைச்சிருக்காரு. வண்டி இவர்கிட்டயே இருக்கட்டும்."

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். காண்ட்ராக்டரும் தலையை ஆட்டிவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். ஜட்ஜ் மட்டும் நிமிரவில்லை. புது மவுண்டிங்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. டீசல் நெடி என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.