பாக்ஸைப் பிரிக்கவா, மாத்தவா?

லாரி கியர் பாக்ஸ் வேலையில் பாதி நேரம் ஸ்பேனர் பிடிக்க வேண்டும், மீதி நேரம் வண்டிக்காரருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும்.

வில்லியனூரிலிருந்து உறுவையாறு போகிற ரோட்டில் எங்கள் பட்டறை இருக்கிறது. நானும் தணிகாசலமும் கூட்டு. கியர் பாக்ஸ் கெட்டுப்போனால் வழி இரண்டுதான். அதையே இறக்கிப் பிரித்து, தேய்ந்த பல்சக்கரத்தையும் பேரிங்கையும் மட்டும் புதிதாகப் போட்டு ஏற்றுவது ஒன்று. பழையதைத் தூக்கிக் கடாசிவிட்டு வேறு பாக்ஸையே மாட்டுவது இன்னொன்று. நான் பிரிக்கிற கட்சி. தணிகாசலம் மாத்துகிற கட்சி. வண்டி உள்ளே நுழையும்போதே எங்களுக்குள் வாய்த்தகராறு ஆரம்பித்துவிடும். லாரி வைத்திருக்கிறவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். லாரி இல்லாதவர்களும் தப்பிக்க முடியாது. வீட்டில் ஒரு பழைய கிரைண்டரை வைத்துக்கொண்டு, ரிப்பேர் பார்ப்பதா புதுசு வாங்குவதா என்று புருஷனும் பெண்டாட்டியும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நீங்களும் எங்கள் ஆள்தான்.

மூணாவது கியருக்கு ஒரு ஆள்

செல்லிப்பட்டு குப்புசாமி செங்கல் ஏற்றுகிற மினி லாரி வைத்திருக்கிறார். ஒரு நாள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பக்கத்தில் அவர் மனைவி அஞ்சலை. இன்ஜின் நின்ற பிறகும் அந்தம்மா கியர் ராடை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். விசாரித்தால், மூணாவது கியர் போட்டதும் ராடு தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறதாம். முதலில் குப்புசாமி அதை ட்யூப் ரப்பரால் கட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு திருப்பத்தில் கட்டை அவிழ்க்க முடியாமல் வண்டி யாருடைய வைக்கோல்போரிலேயோ போய் மூக்கை நுழைத்துவிட்டது. அதிலிருந்து அஞ்சலைதான் கட்டு. "நான் ஸ்டீரிங்கப் புடிக்கிறதா, இத்தப் புடிக்கிறதா? அதான் இவள கூட்டிகினு சுத்தறேன்" என்றார் குப்புசாமி. வெயில் காலம் முழுக்க இரண்டு பேரும் இப்படியே சூளைக்கும் ஊருக்கும் போய் வந்திருக்கிறார்கள்.

பாக்ஸையே மாற்றிவிடுவது என்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் அவர் வந்திருந்தார். தணிகாசலத்துக்கு முகமெல்லாம் பல். நான் மேல்மூடியை மட்டும் கழற்றினேன். கியரைப் பிடித்து நிறுத்துகிற சின்ன ஸ்பிரிங் ஒன்று உடைந்து கிடந்தது, அவ்வளவுதான். மாற்றிப் போட்டு, மூன்று பேருமாக ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தோம். மூணாவது கியர் போட்ட இடத்தில் கம்மென்று உட்கார்ந்திருந்தது. குப்புசாமி சிரிக்கிறார். அஞ்சலை கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். பட்டறையில் இறங்கியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "அப்போ நாளையிலேர்ந்து நான் வூட்லியே குந்திகினு இருக்கணுமாண்ணா? வேற எந்த கியரும் வெளிய வர்ற மாதிரி இல்லியா?"

போனில் வந்த சத்தம்

எங்கள் தொழிலில் நோயாளி நேரில் வருவதற்கு முன்னால் சத்தம் போனில் வந்துவிடும். "கர்ர்ர்னு வருதுண்ணே", "ஙொய்ங்னு வருதுண்ணே" என்று வாயாலேயே கியர் போட்டுக் காட்டுவார்கள். ஒரு டிப்பர் டிரைவர் அப்படித்தான் கூப்பிட்டார். நான் ஸ்பீக்கரைப் போட்டேன். தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முதல் கியர், இரண்டாவது கியர் என்று அவர் வரிசையாகச் செய்து காட்டினார். நடுவில் ஒரு இடத்தில் கரகரவென்று பயங்கரமாக ஒன்று வந்தது. தணிகாசலம் குதித்து எழுந்தான். "அதான்! மெயின் ஷாஃப்ட் பேரிங் போச்சு, பாக்ஸே தேறாது, மாத்திடு!" என்று கத்தினான். டிரைவர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, அது வண்டி சத்தம் இல்லண்ணே, நான் தொண்டையக் கனைச்சேன்."

பேசாத அண்ணன் தம்பி

பண்டசோழநல்லூர் வேலுவும் பழனியும் கூடப் பிறந்தவர்கள். நெல் ஏற்றுகிற லாரி இரண்டு பேருக்கும் பொது. ஏதோ வரப்பு விஷயத்தில் பேச்சு நின்றுபோய்விட்டது, ஆனால் லாரியைப் பாதியாக அறுக்க முடியாதே. டாப் கியரைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வண்டி ஊளையிடுகிறது என்று இரண்டு பேரும் தனித்தனி பைக்கில் பட்டறைக்கு வந்தார்கள். வேலு என்னைப் பார்த்து, "பிரிச்சா போதும்னு அவன்கிட்ட சொல்லுங்க" என்பார். பழனி தணிகாசலத்தைப் பார்த்து, "மாத்தணும்னு அவருகிட்ட சொல்லுங்க" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் கைக்கெட்டும் தூரம்கூட இல்லை. நாங்கள் வேலையை விட்டுவிட்டு தபால்காரர் ஆகிவிட்டோம்.

பாக்ஸை இறக்கி மூடியைத் திறந்து வைத்தேன். இரண்டு தலையும் ஒரே நேரத்தில் உள்ளே குனிந்தன. கீழே இருக்கிற ஷாஃப்டில் ஒரு பேரிங் நொறுங்கி, ஆயிலில் இரும்புத்தூள் மினுமினுத்தது. பழனி கையில் டார்ச். வேலுவுக்கு வெளிச்சம் போதவில்லை. "கொஞ்சம் கிட்ட காட்டுடா" என்றார். "இங்க பாரு, இந்தப் பல்லு நல்லாத்தான இருக்கு" என்றார் பழனி. "அதான் நான் அப்பவே சொன்னேன்." "நீ எங்க எங்கிட்ட சொன்ன?" அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை. பேரிங்கில் தொடங்கி, வரப்புக்குப் போய், அவர்கள் அம்மாவின் கண் ஆபரேஷன் வரைக்கும் போனது. ஒரு கட்டத்தில் இரண்டு பேர் குரலும் உடைந்துவிட்டது. தணிகாசலம் எழுந்து டீ சொல்லப் போய்விட்டான்.

பிரித்தே சரிசெய்தோம். லாரியை எடுக்க இரண்டு பேரும் ஒரே பைக்கில் வந்தார்கள். எந்த வழியாக ஊருக்குப் போவது, யார் ஓட்டுவது, டீசல் எங்கே போடுவது என்று எல்லாவற்றுக்கும் வாக்குவாதம். வேலு காதைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: "வண்டி ஊளைய நிறுத்திட்டீங்க மேஸ்திரி, இவன் ஊளைய தொறந்து வுட்டுட்டீங்க."

மேட்டுக்கு மேல் மேட்

வில்லியனூர் கடைத்தெருவில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற ராமநாதன், சரக்கு எடுக்கச் சொந்தமாக லாரி வைத்திருக்கிறார். ஒவ்வொரு கியருக்கும் பல்லைக் கடிக்கிற சத்தம் வருகிறது, புது பாக்ஸே போட்டுவிடுங்கள் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். தணிகாசலம் சங்கிலியை எடுத்து பாக்ஸை இறக்கவே கிளம்பிவிட்டான். நான் எதற்கும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமென்று ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தேன். கால் பாதியிலேயே நின்றுவிட்டது. கீழே பார்த்தால் சிவப்பு கார்ப்பெட். அதற்கடியில் ரப்பர் மேட். அதற்கடியில் தேங்காய்நார் மேட். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கோணிப்பை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை முதலாளி புது மேட் வாங்கிப் போடுவாராம். பூஜை செய்ததை எடுத்து எறியக்கூடாது என்று பழையதை டிரைவர் அப்படியே விட்டுவிடுவாராம். கிளட்ச் முழுசாக அழுந்த இடமே இல்லை. எல்லாவற்றையும் உருவி வெளியே போட்டு ஓட்டினேன். கியர் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு விழுந்தது. ராமநாதன் தரையில் கிடந்த மேட் குவியலை வெகுநேரம் பார்த்தார். பிறகு கொஞ்சமும் சிரிக்காமல் கேட்டார்: "அப்போ இந்த மேட்ட பிரிக்கிறதா, மாத்துறதா?"

சத்தமே வராத பாக்ஸ்

சுந்தரமூர்த்தி என்கிற டிப்பர்காரர், நாங்கள் சொல்லச் சொல்லக் கேட்காமல் பழைய சாமான் கடையிலிருந்து தானே ஒரு கியர் பாக்ஸ் வாங்கிவந்தார். பெயின்ட் அடித்துப் பளபளவென்றிருந்தது. கையால் சுற்றினால் சத்தமே இல்லை. "குழந்த தூங்கற மாதிரி இருக்கு பாருங்க" என்று பெருமைப்பட்டார். மாத்துகிற கட்சிக்காரனான தணிகாசலத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. பல் தேய்ந்த பாக்ஸ்கூட கொஞ்சமாவது முணுமுணுக்கும். இது ஏன் இவ்வளவு அடக்கமாக இருக்கிறது? அடி போல்ட்டைத் திறந்தான். ஆயிலுக்குப் பதிலாகக் கேழ்வரகுக் கூழ் மாதிரி ஒன்று சொத்தென்று விழுந்தது. உள்ளே நிறைய மரத்தூள். சத்தத்தை அமுக்க யாரோ அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். கழுவிவிட்டுச் சுற்றினால், தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கின மாதிரி இருந்தது.

பாக்ஸை வண்டியில் போட்டுக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் கடைக்குப் போனோம். அடிதடி ஆகுமோ என்று எனக்குப் பயம். கடைக்காரர் துளிக்கூட அசரவில்லை. மரத்தூளை விரலால் தொட்டுப் பார்த்து, "தேக்கு" என்றார். சுந்தரமூர்த்திக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரர் வேறு பாக்ஸ் ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். கிளம்பும்போதுகூட அவர் நியாயம் அவருக்கு: "சத்தமே வராதுன்னு சொன்னேன், வந்துச்சா?"

கல்யாண வீட்டுத் தண்ணீர்

உறுவையாற்றில் ஒரு கல்யாணம். சமையலுக்குத் தண்ணீர் ஏற்றிப்போன ஏழுமலையின் டேங்கர் லாரி, எங்கள் பட்டறை வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்து பாக்ஸ் பூட்டிக்கொண்டது. நியூட்ரலுக்கும் வராது, தள்ளவும் முடியாது. நான் பிரிக்கணும் என்கிறேன், தணிகாசலம் மாத்தணும் என்கிறான். அதற்குள் பெண்ணுக்கு அப்பா பைக்கில் பறந்து வந்தார். பட்டு வேட்டி முழங்காலுக்கு மேல். "யோவ், நீங்க பிரிங்க, மாத்துங்க, கொளுத்துங்க. அங்க அரிசி களையாம உக்காந்திருக்காங்க. எனக்குத் தண்ணி வேணும்" என்றவர், அடுத்த நிமிஷம் லாரிப் படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேறு டேங்கருக்குப் போன் போட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. முகூர்த்த நாள், எல்லாம் ஒவ்வொரு கல்யாணத்தில் இருந்தது.

பாக்ஸைத் திறந்தால்தானே நேரமாகும்? நான் அடியில் படுத்து, பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டைக் கழற்றிவிட்டேன். சக்கரங்கள் சுதந்திரமாகிவிட்டன. அப்போது எங்களிடம் மீட்பு வண்டி கிடையாது, பக்கத்து வயலிலிருந்து ஒரு டிராக்டரைக் கூப்பிட்டு இரும்புச் சங்கிலி போட்டு இழுத்தோம். ஏழுமலை ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். கல்யாண வீட்டு வாசலில் நின்ற மேளக்காரர்கள், டிராக்டர் பின்னால் எதுவோ பெரிதாக வருவதைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டு ஊர்வலம் என்று நினைத்துக் கெட்டிமேளமே கொட்டிவிட்டார்கள். மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு கைதட்டல் இருந்திருக்காது.

தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே சமையல் கொட்டகைக்குப் பின்னால் வைத்து பாக்ஸின் மேல்மூடியைத் திறந்தேன். கியரைத் தள்ளிவிடுகிற ஃபோர்க் ஒன்று வளைந்திருந்தது, வேறு ஒன்றுமில்லை. பிரிக்கிற கட்சிக்கு வெற்றி. தணிகாசலம் பாயசம் வருகிறவரைக்கும் என்னோடு பேசவில்லை. கியர் ஆயில் அப்பிய கையைக் கழுவத் தண்ணீர் கேட்டு நான் அடுப்புப் பக்கம் போனபோது, சமையல்காரர் கரண்டியைக் குறுக்கே நீட்டிச் சொன்னார்: "மேஸ்திரி, அங்கியே நில்லுங்க. உங்க கை வாசன சாம்பார்ல பட்டுதுன்னா நான் பெருங்காயத்த மூட்டையோட கொட்டணும்."

இரவல் கொடுத்த பாக்ஸ்

பாகூர் பக்கம் கலாவதியம்மா கரும்பு போடுகிறவர். லாரியும் சொந்தம். ஆலைக்கு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிய வண்டி வழியிலேயே படுத்துவிட, எங்கள் மீட்பு வண்டியில் கட்டிப் பட்டறைக்கு இழுத்துவந்தோம். பாக்ஸின் வெளிக்கூடே விரிசல் விட்டு, ஆயில் முழுக்க ரோட்டில். உள்ளே பல் உடைந்து கிடந்தது. எங்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் தணிகாசலமும் ஒரே வார்த்தை சொன்னோம்: மாத்தணும். ஆனால் அந்த மாடல் பாக்ஸ் அன்றைக்கு எங்கேயும் இல்லை. வெட்டின கரும்பு காத்திருக்காது. காய்ந்து எடை குறைந்துகொண்டே போகும். அந்தம்மா சத்தம் போடவில்லை. நிழலில்கூட நிற்காமல், லோடின் பக்கத்தில் நின்று ஒரு கரும்பின் வெட்டுவாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சுண்டுது பா" என்று மட்டும் சொன்னார்.

தணிகாசலம் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றினான். எங்கள் மீட்பு வண்டி அதே மாடல். அதன் பாக்ஸை அவன்தான் தேடி வாங்கிப் போட்டான். அதில் நான் கியர் மாற்றினால்கூட அவனுக்கு வலிக்கும். "சேகரு, நம்மளத இறக்கு" என்றான். நான் அவன் முகத்தைப் பார்ப்பதற்குள் ஜாக்கியோடு அடியில் நுழைந்துவிட்டான். வெயில் சாய்கிற நேரத்துக்குக் கரும்பு லாரி கிளம்பியது. டிரைவர் இரண்டாவது போட்டு மூணாவதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்கிறவரைக்கும் நாங்கள் ரோட்டிலேயே நின்றோம். எனக்கு ஏனோ பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது.

அப்புறம் கலாவதியம்மா பாக்ஸுக்குப் பழைய கூடு ஒன்று தேடிப்பிடித்து, உள்ளே பல்லும் பேரிங்கும் புதிதாகப் போட்டுத் தயார் செய்து வைத்தேன். அவர் வந்தால் இதை மாட்டிவிட்டு எங்களுடையதை வாங்கிக்கொள்ளலாம் என்று தணிகாசலம் தினமும் ரோட்டைப் பார்த்தான். ஒரு நாள் லாரி வந்தது. கரும்பு நல்ல எடையில் போய்ச் சேர்ந்துவிட்டதாம். வாழைத்தாரும் வெல்லமும் இறங்கின. அந்தம்மா சிரித்துக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்: "எங்க பாக்ஸ நீங்களே உங்க வண்டிக்குப் போட்டுக்குங்கபா. இது எங்க வண்டிக்கு நல்லா பழகிடுச்சு, பிரிக்க மனசு வரல."

இத்தனை வருஷத்தில் நான் கண்டது, பிரிக்கவா மாத்தவா என்று கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள், நாங்கள் மூடியைத் திறந்து அந்த முடிவைத்தான் முதலில் பிரித்துப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.