சீட்டின் மேல் பையை வைத்துவிட்டுப் போனவர்கள்

கார் கண்ணாடி மாட்டும் கடைக்குச் சிரித்த முகத்தோடு வந்தவர் என்று ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. நகைக்கடைக்குப் போகிறவர்கள் போகும்போதே சிரிக்கிறார்கள். பல் டாக்டரிடம் போகிறவர்கள்கூடத் திரும்பி வரும்போது சிரித்துவிடுகிறார்கள். எங்கள் கடை வாசலில் வண்டியை நிறுத்துகிறவர்கள் மட்டும், யாரோ கன்னத்தில் அறைந்துவிட்டு ஓடிப்போன மாதிரி ஒரு முகத்தோடு இறங்குவார்கள்.

கடை வேலூர் பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது. அண்ணன் ஆரம்பித்தது. மஸ்கட்டில் வேலை கிடைத்ததும் "கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கோ" என்று என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. பில் போடுவது, போன் எடுப்பது, இன்ஷூரன்ஸ்காரர்களோடு மல்லுக்கட்டுவது என் வேலை. கண்ணாடி மாட்டுவது காதர் பாய். அண்ணன் காலத்திலிருந்து இருக்கிறார். நான் முதலாளி என்பதை அவர் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொள்கிறார்.

எங்களுக்கு வரும் வேலையில் பாதி, லாரி டயர் தெறிக்கவிட்ட கல்லால் வருவது. மீதி திருடர்கள் தயவு. கதவுக் கண்ணாடி உடைந்தால் கற்கண்டு மாதிரி பொலபொலவென்று உதிரும். பெருக்கினாலும் போகாது. மாதக்கணக்கில் சீட்டு இடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக வந்து தொடையில் குத்தும். அப்படிக் குத்து வாங்கியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது. புரியும் நாள் வரும்.

பாரம்

பெங்களூரிலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கணவன் மனைவி. வழியில் ஆம்பூரில் பிரியாணி சாப்பிட இறங்கியிருக்கிறார்கள். பின்சீட்டில் கணவருடைய லேப்டாப் பை. அது வெளியே தெரியக்கூடாது என்று மேலே ஒரு துண்டைப் போட்டு மூடியிருக்கிறார். இதைத் தன் சாமர்த்தியமாகவே அவர் என்னிடம் சொன்னார். சீட்டின் மேல் மூடிவைத்த ஒரு சாமான் இருந்தால், அது விலை உயர்ந்த சாமான் என்று போர்டு எழுதி மாட்டிய மாதிரிதான் என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. முழுங்கிக்கொண்டேன்.

ஆம்பூரிலிருந்து வேலூர் வரை கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாகக் காற்று அடித்ததில் அந்த அம்மாவின் தலைமுடி ஒரு பக்கமாகவே நின்றது. கணவர், போலீஸ் ஸ்டேஷனில் என்ன கேட்டார்கள், ஆபீசில் என்ன சொல்லப்போகிறார்கள், லேப்டாப்பில் என்னென்ன இருந்தது என்று விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா தலைமுடியை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பைய எடுத்துக்கோங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன் மேடம். பாரம்னாரு. பிரியாணி பார்சல மட்டும் ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு வந்தாரு."

இடது கால்

சுரேஷ்குமார் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையருக்குச் சாம்பிள் காட்டி ஆர்டர் வாங்குவது அவர் பொறுப்பு. அன்றைக்கு பையர் ராணிப்பேட்டை ஆபீசுக்கு வருகிறார். புது டிசைன்கள் எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கிப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு காலையில் கிளம்பியவர், பள்ளிகொண்டா தாண்டி ரெண்டு இட்லி சாப்பிட நிறுத்தியிருக்கிறார். கை கழுவிவிட்டு வந்தால் கண்ணாடி இல்லை, பெட்டியும் இல்லை.

எங்கள் கடையில் வந்து உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னார். அந்த டிசைன்களுக்காகச் சாம்பிள் ரூம் மொத்தமும் இரவும் பகலும் வேலை செய்திருந்ததாம். இந்த ஆர்டர் வராவிட்டால் ஒரு லைனையே நிறுத்திவிடுவார்கள், அதில் வேலை செய்யும் பெண்களை எல்லாம் எனக்குப் பேர் பேராகத் தெரியும் என்றார். நான் தண்ணீர் கொடுத்தேன். பிறகு வழக்கம்போல இன்ஷூரன்சுக்குக் கேட்கும் கேள்வியையே கேட்டேன். என்னென்ன போச்சு, எத்தனை ஜோடி? ஜோடி கிடையாது, சாம்பிள் என்றால் ஒரு கால்தான் செய்வோம், எல்லாம் இடது கால் என்றார்.

சொல்லிவிட்டு அவரே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். பாய் ஜன்னலுக்குத் தற்காலிகமாக ஒட்ட எடுத்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பெட்டி முழுக்க இடது கால் ஷூவை வைத்துக்கொண்டு அந்தத் திருடன் என்ன செய்வான்? சுரேஷ்குமார் ஷீட்டைக்கூட ஒட்டவிடாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே பறந்தார்.

இட்லி சாப்பிட்ட இடத்துக்குக் கொஞ்ச தூரத்திலேயே, சர்வீஸ் ரோட்டு ஓரம் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டிருக்கிறான். பக்கத்தில் இளநீர் விற்கிற அம்மா எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளுவண்டி மேல் வரிசையாக வைத்துவிட்டு, வலது காலைத் தேடிப் புதர் புதராகக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாராம். எல்லாமே இடதுதான் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் சுரேஷ்குமாருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மண்ணைத் தட்டித் துடைத்து ராணிப்பேட்டை போய்ச் சேர்ந்தபோது பையர் காபிதான் குடித்துக்கொண்டிருந்தாராம். ஆர்டரும் வந்தது. சாயங்காலம் கண்ணாடி மாட்ட வந்த சுரேஷ்குமார் பாதி சிரிப்பும் பாதி வெட்கமுமாகச் சொன்னார்: "சாம்பிள ஜோடியா செஞ்சாதான் மரியாதைன்னு மீட்டிங்குக்கு மீட்டிங் சண்ட போட்டவனே நான்தான் மேடம். இனிமே வாயத் தொறக்க மாட்டேன்."

கூடுதல்

பாகாயத்திலிருந்து ரிட்டயர்டு பேங்க் அதிகாரி ஒருவர் வருவார். அவர் காரில் திருட ஒன்றுமே இருக்காது. ஆனாலும் அடுத்தடுத்து இரண்டு முறை கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். ஒருமுறை போனது பாதி தீர்ந்த பர்ஃப்யூம் பாட்டில். அடுத்த முறை அதுவும் இல்லாததால் டேஷ்போர்டைக் கலைத்துப்போட்டுவிட்டுப் போனார்கள். திருட்டை விடக் கண்ணாடிச் செலவுதான் ஜாஸ்தி என்று கணக்குப் பார்த்த அவர், ஒரு முடிவுக்கு வந்தார். இனி காரைப் பூட்டுவதே இல்லை. வேண்டுமென்பவன் திறந்து பார்த்துக்கொள்ளட்டும், எதற்கு உடைப்பானேன்?

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. பிறகு ஒருநாள் நல்ல மழை. மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், யாரோ ஒரு குடும்பம் உள்ளே ஏறி, மழை விடும்வரை வசதியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது. சீட்டெல்லாம் தக்காளி சாதம். ஒரு குழந்தையின் சிவப்புச் செருப்பு, ஒரு டிபன் பாக்ஸ், ஒரு குடை. மனுஷன் கொதித்துப்போய் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து நேராக எங்களிடம் வந்தார், வேக்குவம் போட. கம்ப்ளெயின்டை எடுத்துக்கொண்டார்களா என்று கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "காணாம போனாதான் கம்ப்ளெயின்ட் எடுப்பாங்களாம். கூடுதலா இருந்தா எடுக்க மாட்டாங்களாம்."

ஃபீஸ்

இதில் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கவலைப்படுவீர்கள். அந்த மனிதர் குணமாகித்தான் ஊருக்குப் போனார்.

வேலூருக்கு வைத்தியத்துக்கென்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவது உங்களுக்குத் தெரியும். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரையும் அவர் மனைவியையும் டாக்சி டிரைவர் அருள் எங்கள் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். வாத்தியாருக்கு விட்டு விட்டு ஜுரம், உடம்பு துரும்பாக இருந்தது. ஊர் ஊராக டாக்டர்களைப் பார்த்து, ஆளுக்கு ஒரு வியாதிப் பெயர் சொன்னதில் சேர்ந்த ரிப்போர்ட்டும் ஸ்கேனும் ஒரு பெரிய பை நிறைய இருந்திருக்கிறது. மதியம்தான் ஆஸ்பத்திரியில் முதல் அப்பாயின்ட்மென்ட். அதற்கு முன் சாப்பிட இறங்கியபோது, பையை எதற்குச் சுமக்கிறீர்கள், நான் வண்டியிலேயேதானே இருக்கிறேன் என்று அருள் சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான்.

அந்த அம்மா அழுதுகொண்டே இருந்தார். அவர் புடவைத் தலைப்பெல்லாம் கண்ணாடித் தூள். நான் ஒரு துணியால் தட்டிவிட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் என்னவோ சொன்னார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் கையை எடுக்கவும் மனம் வரவில்லை. பாய்க்கு உருது தெரியும் என்பதால் அவர்தான் நடுவில். ரிப்போர்ட் இல்லாமல் டாக்டர் பார்க்கவே மாட்டாரோ, திரும்ப முதலிலிருந்தா என்று கேட்கிறார் என்றார். அருள் தலையைத் தூக்கவே இல்லை. வாடகை வேண்டாம், நீங்க ஊருக்குப் போற வரைக்கும் நானே வண்டி ஓட்டுறேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். சொன்னபடியே செய்தான் என்பதையும் எழுதிவிட வேண்டும். ஆஸ்பத்திரியிலும், பழசு இருந்தாலும் நாங்கள் புதிதாகத்தான் எடுப்போம் என்று சொல்லி எல்லா டெஸ்டையும் எடுத்துக்கொண்டார்களாம். பை கிடைக்கவே இல்லை.

ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாதே. எல்லாரும் எழவு வீடு மாதிரி நின்றுகொண்டிருந்தோம். வாத்தியார் மட்டும் எங்கள் பிளாஸ்டிக் சேரில் சாய்ந்தபடி எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு பாயைக் கூப்பிட்டு மெல்லிய குரலில் ஒன்று சொன்னார். பாய் சிரித்துவிட்டார். என்னவென்று கேட்டதும் எங்களுக்காகத் தமிழில் திருப்பிச் சொன்னார்: "அந்த ஃபைல படிச்சு எனக்கு இன்னா வியாதின்னு திருடன் கண்டுபுடிச்சிட்டான்னா, டாக்டர் ஃபீஸ அவனுக்கே குடுத்துடறேன்."

ஏலகிரித் திருடன்

கல்யாணமாகி ஏலகிரிக்குப் போய்விட்டு வந்த ஒரு ஜோடி. பின்சீட்டில் பெண்ணின் ஹேண்ட்பேக், மாமியார் வாங்கிக் கொடுத்தது. காற்றுக்காகக் கண்ணாடியைப் பாதி இறக்கிவைத்துவிட்டு வியூ பார்க்கப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தால் பை இல்லை, கண்ணாடி சட்டத்திலிருந்து கழன்று கோணலாகத் தொங்குகிறது. கண்ணாடி ஓரத்து ரப்பரில் வரிசையாகப் பல் தடம். சீட்டில் பாதி கடித்த கொய்யா. திருடன் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மாப்பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் பில் எழுதும்போது அந்தப் பெண் கவுன்டர் பக்கம் சாய்ந்து கெஞ்சினாள்: "அக்கா, பில்லுல திருடன்னே எழுதுங்கக்கா. குரங்குன்னா என் மாமியாரு, நானே அதுக்குக் குடுத்துட்டேன்னு சொல்லுவாங்க."

பாயின் பை

கடைசியாக எங்கள் வீட்டுக் கதை. காதர் பாய்க்கு ஒரு தோல் பை உண்டு. பேரணாம்பட்டில் இருக்கும் அவருடைய தோஸ்த் ஒருவர், எக்ஸ்போர்ட்டில் ரிஜெக்ட் ஆனது என்று சொல்லிக் கொடுத்தது. ரிஜெக்ட் ஆனது எதற்கென்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு அழகு. அதில் அவர் கொண்டுவருவது மதியச் சாப்பாடும் படிக்கிற கண்ணாடியும்தான். ஆனால் பையை வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு, வக்கீலுடையதோ டாக்டருடையதோ என்றுதான் தோன்றும்.

குடியாத்தத்தில் ஒரு கஸ்டமருக்கு அங்கேயே போய் முன்கண்ணாடி மாட்டிக்கொடுக்க பாய் தன்னுடைய ஆம்னியில் போனார். ஆம்னிக்குப் பின்னாலேயே நின்று வேலை செய்திருக்கிறார். முடித்துவிட்டுத் திரும்பினால் ஆம்னியின் டிரைவர் பக்கக் கண்ணாடி கற்கண்டு. பை போய்விட்டது. பாய்க்குக் கோபம் திருடன்மேல் இல்லை, சுற்றி நின்ற கூட்டத்தின்மேல். பையைச் சீட்டு மேல் வைக்கலாமா பாய், கையோடு எடுத்திருக்கக் கூடாதா பாய் என்று, அவர் இத்தனை வருஷம் மற்றவர்களுக்குச் சொன்னதை எல்லாம் ஆளுக்கு ஒன்றாக அவருக்கே சொல்லியிருக்கிறார்கள். பெரிய பேஜாராகிப்போச்சு என்று கடைக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்குச் சொல்ல அவருக்குத் தயக்கம். படிக்கிற கண்ணாடி இல்லாததால் போனில் நம்பரும் தெரியவில்லை. நான்தான் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் மனைவி முழுவதையும் கேட்டார். பையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் சொன்னார்: "அவனாவது சோத்த மிச்சம் வெக்காம சாப்ட்டிருப்பான், விடுங்க."

வண்டிக்குள் எதையும் வைத்துவிட்டுப் போகாதீர்கள் என்று வருகிறவர்கள் எல்லாருக்கும் மனதாரச் சொல்லித்தான் அனுப்புகிறேன், எல்லாரும் ஒரே சமயத்தில் கேட்டுத் தொலைத்தால் கடையை மூடிவிட்டு மஸ்கட்டுக்கு நானும் கிளம்ப வேண்டியதுதான்.