தக்கை குத்திய சீப்பு

மொன்றியல், செயின்ட்-மிஷேல் பழம்பொருள் சந்தை. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் தன் மேசையில் கனத்த பலகை ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். ஆண்டு ஏதும் செதுக்கியிருக்கிறதா என்று திருப்புகிறேன். மறுபுறம் நெருக்கமாக இரும்பு முட்கள். ஒவ்வொரு முனையிலும் போத்தல் தக்கைத் துண்டு.

"கவுட்டு வையுங்கோ அண்ணை. அங்கால மனிசி நிக்கிறா."

வாசலருகே ஒரு பெண் விற்பனைக்கான உடுப்புகளை மடித்துக்கொண்டிருக்கிறார்.

ஆளி விதைச் செடியின் தண்டை நசுக்கி எடுத்த நாரை வாரும் சீப்பு இது, லினன் துணிக்கானது என்கிறேன்.

"ஓம், எனக்கு வித்தவரும் அதைத்தான் சொன்னவர். தும்பு சீவுற சாமான் எண்டு மனிசிக்கும் விளங்கப்படுத்தினனான். ஆமிக் காம்பில தன்னை இப்பிடி ஒண்டிலதான் படுக்கப் போட்டவங்கள் எண்டு அவ சொன்னா. கலியாணம் கட்டி இவ்வளவு காலம், அண்டைக்குத்தான் எனக்கே தெரியும். தக்கை குத்திப் பாத்தன். அதுக்குப் பிறகும் அவ நித்திரை கொள்ளேல்லை."

வாங்கிக்கொள்கிறேன். ஆண்டைத் தேடவில்லை. முட்களை என் நெஞ்சுப் பக்கம் திருப்பி, கோட்டுக்குள் மறைத்து, வாசலுக்கு நடக்கிறேன். கடக்கும்போது அந்தப் பெண் நிமிரவில்லை. மடிக்கும் கைகள் மட்டும் நின்றுவிடுகின்றன.