நிச்சயதார்த்த பேனரில் ஒரு தெலுங்கு வரி

திருப்பதியில் நான் ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, சமூக நீதி என்ற தலைப்பில் ஆளுக்கொரு பிரச்சினையை எடுத்துப் போஸ்டர் செய்யச் சொன்னார்கள். நான் குழந்தைத் திருமணம் எடுத்தேன். வகுப்பில் பாதிப் பேர் அதையேதான் எடுத்திருந்தார்கள், ஏனென்றால் படம் சுலபம். ஒரு சின்னப் பெண், கையில் கரடி பொம்மை, கழுத்தில் அவளைவிடக் கனமாக ஒரு தாலி, கண்ணில் ஒரு சொட்டு நீர். என் போஸ்டர் பெண்ணுக்கு ஏழு வயது இருக்கும். எல்லார் போஸ்டரிலும் கரடி இருந்ததால் நான் சிலேட்டு வைத்தேன். வகுப்பு மேடம் அதைப் புதுமை என்றார்.

செய்ததை அவரவர் ஊரில் ஒட்டி, பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டு வர வேண்டும். என் ஊர் நகரிக்குப் பக்கம். பாதி வீடுகளில் பவர்லூம் ஓடும். வீட்டில் தமிழ், ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் தெலுங்கு. ஊரின் அரசு ஆபீசான கிராம சச்சிவாலயத்துச் சுவரில் ஒட்டட்டுமா என்று அங்கிருந்த மகிளா போலீஸ் மேடத்தைக் கேட்டேன். ஊரில் பெண்கள், குழந்தைகள் விவகாரமெல்லாம் அவர் பொறுப்பு. தெலுங்குக்காரர், தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. பசையையும் அவரே கொடுத்தார்.

முதலில் பார்க்க வந்தவர் என் சித்தப்பா. தறியை நிறுத்திவிட்டு, தலையெல்லாம் பஞ்சோடு வந்து நின்றார்.

“பாவம், இம்மாம் பச்சப்புள்ளைக்குப் போயி தாலி கட்றானுங்களே. மனுசனுங்களா இவனுங்க?” என்றார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு, “நம்ம பாப்பாவுக்கு வைகாசில நிச்சயம். பேனர் நீதான் போட்டுக் குடுக்கணும்” என்றார்.

நம்ம பாப்பா என்பது அவருடைய ஒரே மகள். பத்தாவது ரிசல்ட் அப்போதுதான் வந்திருந்தது.

“அவளுக்குப் பதனாறுதானே நடக்குது சித்தப்பா?”

“அதுக்கின்னா? என்னைவிட ஒசரமா கீறா.” சுவரைக் காட்டினார். “இந்தப் புள்ள மாதிரியா கீறா அவ?”

என் போஸ்டரையே எனக்கு எதிராகச் சாட்சிக்கு இழுத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தால் காது சுடும். அன்று இரண்டு காதும் சுட்டன. அவர் மேல் பாதி, அந்த ஏழு வயதுப் பெண்ணின் மேல் பாதி. மாப்பிள்ளை வீடு திருத்தணியாம், புடவைக் கடையாம், தேடி வந்து கேட்டார்களாம், ஆவணியில் கல்யாணமாம். சித்தப்பா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

நைனாவிடம் சொன்னேன். “அவன் பொண்ணு, அவன் பாத்துக்கறான். நீ உன் படிப்பைப் பாரு” என்றார். என் படிப்பே அதுதான் என்பதை அவருக்கு விளக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் எல்லாருடைய நினைப்பும் நான் திருப்பதியில் பேனர் போடப் படிக்கிறேன் என்பதுதான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என்னிடம்தான் வரும்.

பாப்பா என்னிடம் அழவில்லை. “அக்கா, திருப்பதில இன்டர் சேர கடைசித் தேதி எப்போ?” என்று மட்டும் கேட்டாள். எங்கள் பக்கம் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இன்டர் என்று பெயர். ஹாஸ்டலில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருவதாக ஒரு வருடமாகத் திட்டம் போட்டு வைத்திருந்தாள். ஜூனில் என்றேன். வைகாசி அதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

போஸ்டரின் அடியில் புகார் செய்யும் எண்ணை நானேதான் போட்டிருந்தேன். எழுத்து இடைவெளியைச் சரிசெய்து சரிசெய்து மனப்பாடம் ஆகியிருந்தது. கூப்பிட்டிருக்கலாம். ஆனால் யார் கூப்பிட்டது என்று கண்டுபிடிக்கப் போலீஸ் தேவையில்லை. ஊரில் அந்த எண்ணைச் சுவரில் ஒட்டிக்கொண்டு திரிந்தவள் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் ஒரே சுவர். எனக்குப் பயமாக இருந்தது.

பேனர் செய்ய மறுக்கலாம் என்று நினைத்தேன். மறுத்தால் புத்தூர் ஃப்ளெக்ஸ் கடையில் பத்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதனால் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். சித்தப்பா பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். மேலே முருகன். இடது பக்கம் கூலிங் கிளாஸ் போட்ட மாப்பிள்ளை, வலது பக்கம் பட்டுப் புடவையில் பாப்பா. அடியில் வரிசையாகச் சொந்தக்காரர்கள். யாரை விட்டாலும் சண்டை என்பதால் யாரையும் விடவில்லை. ஒரு பெரியப்பாவுக்கு ஆதார் படம்தான் கிடைத்தது. அவர் மட்டும் கைது செய்யப்பட்டவர் போல இருந்தார்.

எங்கள் பக்கத்துப் பேனர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர்களை அழைப்பது தமிழில், ஊருக்குப் பெருமை சொல்வது தெலுங்கில். ‘அன்புடன் வரவேற்கிறோம்’ என்பது தமிழில் இருக்கும். பையன் பி.டெக் முடித்தது தெலுங்கில் இருக்கும், ஆபீஸ்காரர்கள் படிக்க வேண்டுமே. சித்தப்பா பாப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மார்க்கு போடலியே” என்றார்.

“எந்த மார்க்கு சித்தப்பா?”

“பத்தாவது மார்க்குதான். மண்டல் செகண்டு வந்துக்கிறா. சும்மாவா? இந்த வருசம்னு தெளிவாப் போடு. தெலுங்குல போடு.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் விளையாடவில்லை. அவர் மனதில் மார்க்கு வேறு, கல்யாணம் வேறு. மார்க்கு வாங்கியது அவர் மகள், கல்யாணம் ஆகப்போவது அவரைவிட ஒசரமான ஒரு பெண். இரண்டும் ஒரே ஆள் என்பது அவர் கணக்கில் வரவில்லை. பாப்பாவின் படத்துக்குக் கீழே, இந்த வருடப் பத்தாம் வகுப்புத் தேர்வில் மண்டலத்தில் இரண்டாம் இடம் என்று தெலுங்கில் அடித்தேன். ஒரு முறை தப்பாக அடித்துத் திருத்தினேன்.

“இன்னும் கொஞ்சம் பெருசா” என்றார் சித்தப்பா. பெரியவர் பேச்சைத் தட்டக்கூடாது. பெருசாக்கினேன். மஞ்சள் எழுத்து, சிவப்பு ஓரம். எட்டத்திலிருந்தும் படிக்கலாம்.

பேனரை எப்போதும் கட்டும் இடத்தில், சச்சிவாலயத்துக்கு நேர் எதிரே கட்டினார்கள். மறுநாள் காலை மகிளா போலீஸ் மேடம் ஸ்கூட்டியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அதில் அவரால் படிக்க முடிந்தது அந்த ஒரு வரிதான், மாப்பிள்ளையும் பட்டுப் புடவையும் படத்திலேயே தெரிந்தன. நேராகச் சித்தப்பா வீட்டுக்கு வந்தார்.

சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம். மார்க்குக்காக வாழ்த்த வந்திருக்கிறார் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சோடா வாங்கி வரச் சொன்னார். மேடமும் முதலில் வாழ்த்தத்தான் செய்தார். பிறகு, “பாப்பக்கி எந்த வயசண்டி?” என்றார்.

“பதனாறு நடக்குது மேடம்” என்றார் சித்தப்பா, இன்னும் சிரித்துக்கொண்டே. சொல்லி முடித்த பிறகுதான் சிரிப்பு நின்றது. சோடா வந்தது. யாரும் குடிக்கவில்லை.

பதினெட்டு முடியும்வரை கல்யாணம் செய்ய மாட்டேன் என்று சச்சிவாலயத்தில் தெலுங்கில் எழுதினார்கள். சித்தப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். நிச்சயம் நின்றது. என்னிடம் வந்து, “நீயாவது சொல்லக்கூடாதா?” என்றார்.

“வயசு பத்தலன்னு சொன்னேனே சித்தப்பா.”

“அதைச் சொன்ன. மார்க்கு போடாதேன்னு சொன்னியா?”

சொல்லவில்லைதான். அவர் தறிக்குத் திரும்பிப் போனார். பல நாள் என்னோடு பேசவில்லை. அவர் பேசாதது எனக்கு வலித்தது. செய்ததற்காக ஒரு துளியும் வருந்தவில்லை.

ஜூனில் பாப்பாவை இன்டர் சேர்க்கத் திருப்பதிக்கு நானே கூட்டிப்போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவள் புத்தூர் தாண்டியதும் சொன்னாள், “திருத்தணிக்காரங்க ரெண்டு வருசம் காத்துக்கினு இருக்கோம்னு சொல்லிட்டாங்கக்கா. எங்க நைனாவும் சரின்னுட்டாரு.”

எனக்கு இது தெரியாது.

“அக்கா, இருக்கறதிலேயே ரொம்ப வருசம் படிக்கிற படிப்பு எது?”

“டாக்டருக்குத்தான். இன்டர் முடிச்சு அஞ்சு வருசத்துக்கு மேல ஆவும்.”

“அதுக்கு மேலயும் படிக்கலாமா?”

“படிக்கலாம். இன்னும் மூணு வருசம்.”

விரல் விட்டு எண்ணினாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்கு அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் அவள் இருந்ததால் திரும்ப இடமில்லாமல் கண்டக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு உயிர் கணக்குதான். மண்டலத்தில் இரண்டாவது வந்ததே கணக்கால்தான். பல்லியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறி நிற்பவள், இனி தவளையை அறுக்க வேண்டும். கவுன்டரில் எந்த க்ரூப் என்று கேட்டார்கள், கணக்குக்கு எம்பிசியா, டாக்டருக்குப் பைபிசியா.

“பைபிசி” என்றாள், என்னைப் பார்க்காமல்.