டொக்கு மேஸ்திரியின் சுத்தியல்

டங், டங், டங். தூக்கி நிறுத்திய பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, சேஸிஸ் சட்டத்தைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டு போகிறார் டொக்கு மேஸ்திரி. தட்டித் தட்டியே வந்த பெயர். கண் இரண்டும் மூடியிருக்கின்றன. புதிதாகப் பார்ப்பவர்கள், மனுஷன் தூங்கிவிட்டார் என்று நினைப்பார்கள். துருவைக் காதால் கண்டுபிடிக்கிறவருக்குக் கண் எதற்கு? நல்ல இரும்பு கணீரென்று பேசும். உள்ளே அரித்த இரும்பு 'பொத்' என்று முனகும். "வெளிய பாத்தா புது மாப்பிள்ளை மாதிரிதான் இருப்பான். தட்டினாத்தானே வண்டவாளம் தெரியும்?" என்பார்.

அந்தச் சுத்தியல் ஒரு சாண் நீளம்கூட இராது. கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. பட்டறை வெல்டிங்காரர் ஒருமுறை அவசரத்துக்கு ஆணி அடிக்க எடுத்துவிட்டார். மேஸ்திரி அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள் காலையில் வந்து, "என் பல் பிரஷ்ஷை எடுத்து நீ செருப்புத் தேய்ப்பியா?" என்று மட்டும் கேட்டார்.

சட்டைப்பையில் ஒரு காந்தத் துண்டு உண்டு. வண்டிக் கதவில் வைத்து அது ஒட்டாவிட்டால், பெயின்டுக்கு அடியில் தகடு இல்லை, வெறும் பட்டிப் பூச்சுதான் என்று அர்த்தம். "பூசி மெழுகியிருக்கான் படுபாவி!" என்று ஊர் கேட்கக் கத்துவார். உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் கை சும்மா இராது. பீரோவில் வைத்துப் பார்ப்பார். "மானத்தை வாங்காதீங்க. பீரோவை என்ன விலைக்கா கேக்கப் போறீங்க?" என்று மனைவி பல்லைக் கடிப்பார்.

இத்தனை வாய் பேசுகிற மனுஷன், ஒரு விஷயத்தை மட்டும் நாலு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறார். அந்த விஷயம்தான் இப்போது அவர் தலைக்கு மேலே நிற்கிறது.

வண்டி அவருடைய தங்கையுடையது. அவளே ஓட்டுகிறாள், பேக்கரிகளுக்கு மாவு மூட்டை ஏற்றிப் போகிறாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் இதைப் பழைய வண்டியாக வாங்கியபோது, அண்ணன் அடிப்பாகம் முழுக்கத் துருப் பிடிக்காத கறுப்புப் பூச்சு அடித்துக் கொடுத்தார். அதோடு விட்டாரா? உள்ளே வெற்றிடமான சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்றே இருக்கிற துளைகளையும் பசை வைத்து அடைத்துவிட்டார். "இனிமே எறும்பு உள்ள போகணும்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் போகணும்!" என்று குடும்பமே கூடி நின்ற இடத்தில் மார்தட்டினார்.

எறும்பு போகவில்லை. தண்ணீர் போனது, மேலே இருக்கிற இடுக்குகள் வழியாக. வெளியே வரத்தான் வழியில்லை. அவர் இதேபோல அடைத்த வேறொரு வண்டி நாலு வருஷத்துக்கு முன்னால் சட்டம் உளுத்து வந்து நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. மற்ற வண்டிகளையெல்லாம் ஏதேதோ சாக்குச் சொல்லி வரவழைத்துத் துளைகளைத் திறந்துவிட்டார். தங்கையிடம் சாக்கு செல்லாது. ஏன், எதற்கு என்று குடைந்துவிடுவாள். அடுத்த மாதம் சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

இப்போது அவளே வண்டியைக் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். நாளைக் காலை மலைமேல் இருக்கிற பெரிய பேக்கரிக்கு முதல் லோடு. சொந்த வண்டி இருந்தால்தான் ஆர்டர். முதல் நாளே தவறினால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

டங், டங். பின்சக்கரத்துக்கு மேலே வந்ததும், பொத். மேஸ்திரி கண்ணைத் திறக்கிறார். இன்னொரு முறை, பூப்போல. பொத்.

"என்னண்ணே, சத்தத்தையே காணோம்?" தங்கையின் செருப்புக் கால்கள் சக்கரத்தருகே வந்து நிற்கின்றன.

வெல்டிங்காரர் குனிந்து பார்க்கிறார். அவருக்கும் விளங்கிவிட்டது. "அரை மணி நேரம் மேஸ்திரி. மேல ஒரு தகடு ஒட்டி, கறுப்பு அடிச்சு விட்டுடலாம். யாருக்குத் தெரியப் போகுது?" என்று கிசுகிசுக்கிறார்.

மேஸ்திரி கணக்குப் போட்டுப் பார்க்கிறார். முப்பது மூட்டை, மலை வளைவு, அதில் மடங்குகிற சட்டம்.

"பாத்து முடிச்சுட்டியாண்ணே? நீ தட்டிப் பாத்து சரின்னுட்டா நான் கண்ணை மூடிட்டு ஏறுவேன்."

அந்த வார்த்தை அவர் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. வெளியே ஊர்ந்து வருகிறார். முகத்தில் துருப்பொடி. "வண்டி நாளைக்குப் போகாது. அழுகினதை வெட்டி எடுத்துட்டுப் புதுசு வெக்கணும். நாலு நாள் ஆகும்."

"விளையாடாதண்ணே! ஆர்டர் போயிடும். ஒரு வருஷமா நாயா அலைஞ்சு வாங்கினது."

"போகட்டும்."

"போகட்டுமா? வாய் கூசலையா உனக்கு? எறும்புகூடப் போகாதுன்னு நீதானே சொன்னே!"

வெல்டிங்காரர் தரையைப் பார்க்கிறார். மேஸ்திரி ஒரு சாக்கை உதறி வண்டிக்கு அடியில் விரிக்கிறார். பிறகு சுத்தியலைத் திருப்பி, டியூப் சுற்றிய பக்கத்தைத் தங்கையிடம் நீட்டுகிறார்.

"நான் சொன்னா நம்பிடுவே. அதான் பயமா இருக்கு. நீயே தட்டு."

அவள் முறைத்துக்கொண்டே வாங்கிப் படுக்கிறாள். டங், டங், பொத். நேற்றைய மழையும் எட்டு வருஷத் துருவுமாகப் பழுப்புத் தண்ணீர் அரித்த இடத்திலிருந்து ஒரு கீற்றாக எட்டிப் பார்க்கிறது.

"துளையை அடைச்சது நான்தான். தப்புன்னு நாலு வருஷமா தெரியும். சொல்லாம விட்டுட்டேன்."

"தெரிஞ்சேவாண்ணே?"

அவள் சுத்தியலை ஓங்கி, அதே இடத்தில், இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்து அடிக்கிறாள். தகடு பொத்துக்கொண்டு தண்ணீர் கொட்டுகிறது. மேஸ்திரி மண்டியிட்டு உள்ளே எட்டி, அவள் முகத்தில் படாமல் இரண்டு கைகளையும் குவித்து அதை ஏந்திக்கொள்கிறார்.